அசனப் பந்தியும் ரூபியின் ஃபோல்டரும்

அன்பு மகன் ஸ்டெபினுக்கு, கோவில்பட்டியிலிருந்து அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே அப்பா, உன் தங்கை ரூபி, நான் மூவரும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் எப்போதும்போல் தனிக்கட்சி. டப்ளின் குளிரில் நீயும் சளி இருமல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடி இருக்கிறாய் என்று நம்புகிறேன். தினமும்தான் வீடியோ காலில் முகம் பார்க்கிறோமே, இதில் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு நடுவில் மழையையும் மக்காச்சோளத்தையும் கொண்டுவந்து விடுகிறார், நான் சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகிறது. அதனால் டைப் அடித்து, நீ வைத்துக் கொடுத்த சேமிப்புப் பெட்டியிலேயே போடுகிறேன். மழை சமாசாரத்தை முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன். ஐப்பசி மழை நல்ல மழை, பசுவந்தனைக் காட்டில் உளுந்து முளைத்து நிற்கிறது, மக்காச்சோளத்தில்தான் படைப்புழு விழுந்திருக்கிறது என்று குத்தகைக்குப் பார்க்கிற செல்லத்துரை சொன்னார், மருந்தடிக்கச் சொல்லியிருக்கிறேன். கோடையில் வெடித்திருந்த ஹால் சுவர், கரிசல் மண் மழையில் ஊதிக்கொண்டதும் தானாக மூடிக்கொண்டது. கொத்தனாருக்குச் செலவு மிச்சம் என்று அப்பா சுவரைத் தடவித் தடவிப் பார்க்கிறார், சித்திரையில் அது மறுபடி வாயைத் திறக்கும் என்று நான் சொல்லவில்லை.

இப்போது பெட்டி விஷயம். மே மாதம் நீ வந்திருந்தபோது இன்வெர்ட்டர் பக்கத்தில் இரண்டு டிஸ்க் போட்ட அந்தச் சேமிப்புப் பெட்டியை வைத்து, வீட்டுப் படங்கள், பத்திரங்கள், அப்பாவின் பாடகர் குழு பாட்டு எல்லாம் இனி இதற்குள்தான், போனில் எடுக்கிற படமும் தானாக இதில் வந்து சேரும் என்று காட்டிக் கொடுத்தாய். ஆளுக்கொரு கணக்கு போட்டு, யார் எதைப் பார்க்கலாம் என்று பிரித்து வையுங்கள் என்றும் படித்துப் படித்துச் சொன்னாய். நீ விமானம் ஏறிய பிறகு நம் சபையின் அசன விருந்து வந்தது. உனக்கே தெரியும், அசனத்தன்று உறவு என்று இருக்கிற அத்தனை பேரும் கோவிலுக்கு வந்துவிடுவார்கள், உன் அத்தை ஞானப்பூ குடும்பமே ஒரு வேன். எல்லாருக்கும் போட்டோ வேண்டும். உன் அப்பா என்ன செய்தார், குடும்பம் என்று ஒரே கணக்கைத் திறந்து, பாஸ்வேர்டை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். தனித்தனியாகப் போடுவோம் என்று நான் சொன்னதற்கு, ஏட்டி, அசனத்துல வந்தவன்கிட்ட நீ யாரு எந்த ஊருன்னு கேட்டா எல போடுதோம், சொந்தக்காரங்களுக்குள்ள கதவு போட்டா அவிய மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன் என்றார். சோற்றுக்கு அது சரிதான். அண்டாவில் வடித்த சோறும் கறிக்குழம்பும் யார் வந்து உட்கார்ந்தாலும் பரிமாறத்தான் வேண்டும், அதுதான் அசனத்துக்கு அழகு. ஆனால் அந்தப் பெட்டிக்குள் குழம்பா இருக்கிறது? ரூபியின் போன் படங்கள் முழுக்க அதில்தான் போய் விழுந்துகொண்டிருந்தன, காலேஜ் ஹாஸ்டல் காலத்துப் படம், மார்க் ஷீட், சம்பளச் சீட்டு எல்லாம். இது எங்கள் மூன்று பேருக்குமே அப்போது உறைக்கவில்லை.

போன மாதம் ரூபி வேலை பார்க்கிற பிசியோதெரபி கிளினிக்குக்குக் கயத்தாறிலிருந்து ஒரு அம்மா மூட்டு வலி என்று வந்திருக்கிறார். நடக்கவே முடியவில்லை என்கிறவர் மாடிப்படியில் கைப்பிடி தொடாமல் ஏறி வந்தாராம், இவளுக்கு அப்போதே சந்தேகம். காலை நீட்டச் சொன்னால் காலை நீட்டிக்கொண்டு இவள் முகத்தையே பார்த்திருக்கிறார். கடைசியில், போட்டோவுல இன்னும் கொஞ்சம் நெறமா தெரிஞ்சியேம்மா, பரவால்ல, எங்க பையனும் மாநெறந்தான் என்று சொல்லிவிட்டு, கெமிஸ்ட்ரியில மட்டும் ஏன் மார்க்கு கொறஞ்சிட்டு என்றும் கேட்டாராம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வேன் பிடித்து வீட்டுக்கு வருகிறோம் என்று அவரே சொல்லித்தான் இவளுக்குத் தெரியும். பிறகு விசாரித்தால், உன் ஞானப்பூ அத்தை அந்தக் குடும்பக் கணக்கில் போய், தோழி கல்யாணத்துக்கு ரூபி பட்டுச்சேலை கட்டிய படம் நாலைந்து, மார்க் ஷீட், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்து மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். உன் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொன்னாராம், அப்பாவும் நல்ல இடமாத்தான் தெரியுது என்று தலையை ஆட்டினாராம். கேட்க வேண்டிய ஒருத்தியை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்தவள் கத்தவில்லை, ஸ்டெபின். கத்தியிருந்தால் நானும் இரண்டு கத்து கத்திச் சமாளித்திருப்பேன். பையை வைத்துவிட்டு, எம்மா, இந்த வீட்டுல பூட்டுனா பூட்டுன மாரி இருக்க ஒரு அலமாரியாவது எனக்கு உண்டா என்று கேட்டாள். போனை எடுத்துப் படம் போகிற இணைப்பை என் கண் முன்னால் நிறுத்தினாள். என் படம் ஒண்ணு விடாம அழிச்சிருங்க, மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில கூப்புடுதாங்க, ஹாஸ்டல்ல இருந்துக்கிடுதேன் என்றாள். வேலைக்காகப் போகிறாள் என்றால் நானே பெட்டி கட்டிக் கொடுத்து பஸ் ஏற்றிவிடுவேன். எங்களை நம்பமுடியாமல் போகிறாள் என்றால் அது எனக்குத் தாங்காது, அதை உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. அழிக்க வேண்டாம், கொஞ்சம் பொறு, நான் சரி செய்கிறேன் என்றேன். நீங்க என்னத்த செய்வீங்க என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தாள். பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் எந்த ஃபைலை யார் தொடலாம் யார் தொடக்கூடாது என்று கட்டிக்காத்து ரிட்டயர் ஆனவள் நான், என்னையா அப்படிப் பார்ப்பது என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

முதல் வேலையாக அப்பாவை உட்காரவைத்துக் கயத்தாறுக்குப் பேச வைத்தேன். அங்கே இங்கே பார்த்தார், முழங்கால் வலிக்கிறது என்றார், விடவில்லை. கடைசியில் பேசினார், நன்றாகவே பேசினார், அதையும் சொல்ல வேண்டும். பிள்ளகிட்ட ஒரு வார்த்த கேக்காம அனுப்பிட்டோம், தப்பு எங்களோடது, மன்னிச்சுக்கிடுங்க, இப்ப வர வேண்டாம் என்று நேராகச் சொல்லிவிட்டார். அத்தை வீட்டுக்கு நானே போனேன். நான் என்ன களவாணியா, தம்பி மவளுக்கு நல்லது செய்ய எனக்கு உரிம இல்லியா என்று மூக்கைச் சிந்தினார். மைனி, நீங்க மாப்பிள்ள பாருங்க, தாராளமா பாருங்க, ஆனா படம் அவ கையிலேருந்து வரட்டும், பெட்டியிலேருந்து வரவேண்டாம் என்றேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் காபி கொடுத்தார், சீனி மட்டும் போடவில்லை.

பிறகு பெட்டி. நீ போனில் சொன்ன நிர்வாகிக் கணக்கின் பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போனேன். அப்பா திறந்த குடும்பக் கணக்கை முதலில் நீக்கினேன், வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பழைய பாஸ்வேர்டு சும்மா கிடந்து நாறட்டும். ஆளுக்கொரு கணக்கு. வீட்டார் என்று ஒரு குழு, உறவு என்று ஒரு குழு. அசனப் படங்களுக்கு ஒரு ஃபோல்டர், அதை வீட்டாரும் உறவும் பார்க்கலாம், இறக்கிக்கொள்ளலாம், சேர்க்கவோ அழிக்கவோ முடியாது. வீட்டுப் படமும் அப்பாவின் பாட்டும் வீட்டார் ஃபோல்டரில், அதில் நாம் எல்லாம் எழுதலாம், உறவுக்கு அங்கே அனுமதி மறுப்பு. பத்திரங்கள் அப்பாவுக்கும் எனக்கும். ரூபி என்று ஒரு ஃபோல்டர், அதில் ரூபி ஒருத்தியின் பெயர்தான். எல்லாம் சரி என்று நிமிர்ந்தால் அப்பா பாட்டு ஃபோல்டரைத் திறக்கமுடியாமல், ஏட்டி, என் வீட்டுல எனக்கே கதவச் சாத்திட்டியா என்று கத்துகிறார். பார்த்தால், அக்கா வருத்தப்படுவாள் என்று என்னைக் கெஞ்சி அவர் பெயரை உறவுக் குழுவிலும் சேர்க்க வைத்திருந்தார். ஒரே ஆள் இரண்டு குழுவில் இருந்தால், ஒன்றில் கொடுத்த அனுமதியை விட இன்னொன்றில் மறுத்த மறுப்புதான் ஜெயிக்கும் என்று அன்றுதான் எனக்குப் பிடிபட்டது. நீங்கள் வீட்டு ஆளா உறவா, ஒரு முடிவுக்கு வாருங்கள் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, வீட்லயே போடு என்றார்.

ரூபியைக் கூப்பிட்டு, நீயே சோதித்துப் பார் என்றேன். என் போனில் அவள் ஃபோல்டரைத் தட்டினாள், அனுமதி இல்லை என்று வந்தது. அப்பா போனில் தட்டினாள், அனுமதி இல்லை. அத்தை கணக்கில் அந்த ஃபோல்டர் இருப்பதே தெரியவில்லை. சொந்த வீட்டில் அனுமதி இல்லை என்று வந்ததைப் பார்த்து இத்தனை சந்தோஷப்பட்ட பெண்பிள்ளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவளும் லேசாகச் சிரித்தாள், வெகுநாள் கழித்து அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். அப்புறம் கேட்டாள், அண்ணன் கணக்குல இருந்து பாத்தா? நிர்வாகிக் கணக்கு எல்லாவற்றுக்கும் மேலே, அதில் இருப்பவன் எந்த ஃபோல்டரிலும் தன் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம், அந்தப் பாஸ்வேர்டு உனக்கும் எனக்கும் தெரியும். அண்ணன் அப்படிச் செய்வானா என்றேன். செய்யமாட்டான்மா, ஆனா செய்யமாட்டான்னு நான் ஏன் நம்பிக்கிட்டே இருக்கணும் என்றாள். போனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இணைப்பை இன்னும் போடவில்லை, மதுரை பேச்சையும் விடவில்லை.

அதனால்தான் இந்தக் கடிதம். அந்த நிர்வாகிக் கணக்கை ரூபிக்குக் கொடுத்துவிடு. நீ சாதாரண ஆளாக இரு, நானும் அப்படியே இருந்துகொள்கிறேன். புதுப் பாஸ்வேர்டை அவள் போடட்டும், என்னிடம் சொல்ல வேண்டாம், நான் கேட்டாலும் சொல்ல வேண்டாம். வீட்டுப் பத்திரமெல்லாம் பொம்பளப் பிள்ள கையிலயா என்று அப்பா ஒரு நாள் முனகினார். அவள் கையில் ஊர்க்காரர்கள் முதுகெலும்பையே கொடுத்துவிட்டுப் படுத்திருக்கிறார்களே, பத்திரத்தைக் கொடுத்தால் என்ன என்றேன், அதோடு சரி. அவள் நம் படங்களையெல்லாம் பார்ப்பாளே என்றால், பார்க்கட்டும். ஒருத்தரை நம்பித்தான் ஆக வேண்டும் என்றால், இத்தனை நாள் எங்களை நம்பியிருந்தவளை இனி நாம் நம்புவோம். பாஸ்வேர்டை மறந்து படமெல்லாம் போய்விட்டால்கூடப் போகட்டும், அவள் போய்விடக் கூடாது.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், உன் கைவேலையை ஆசீர்வதிக்கட்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. ஒன்றை மட்டும் மறக்காதே, கணக்கை மாற்றியதும் என்னைக் கூப்பிடாதே, நேராக ரூபியைக் கூப்பிடு. இந்தக் கடிதத்தை வீட்டாரும் உறவும் பார்க்கிற அசன ஃபோல்டரில்தான் போடுகிறேன். அப்பாவும் வாசிக்கட்டும், அத்தையும் வாசிக்கட்டும், அவர்களைப் பற்றி இதில் எழுதியதெல்லாம் முகத்துக்கு நேரே சொன்னதுதான். எல்லாரும் வாசிக்கலாம், ஒருவராலும் ஓர் எழுத்தைத் திருத்த முடியாது. திருத்த முடிந்தவர்கள் அந்தப் பாஸ்வேர்டு தெரிந்த நாம் இரண்டு பேர் மட்டும்தான் என்பது ரூபிக்கும் தெரியும், இதை அவள் வாசித்துக்கொண்டிருப்பாள்.

உன் அன்பு அம்மா,
எஸ்தர்ராணி ஆண்ட்ரூஸ்