ஆலை லைன் போன வழி

புத்தூர்,
திங்கள் காலை

அன்பு மகள் யாமினிக்கு அம்மா எழுதுவது. நானும் நைனாவும் கைகால் ஓடும்படி சௌக்கியமாக இருக்கிறோம், மஸ்கட் வெயிலில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமலிருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கக் காகிதம் எதற்கு என்பாய், போனில் சொன்னால் நடுவில் புகுந்து என்னைப் பேசவிட மாட்டாய், அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்பும் ஹேமநாத்திடம் ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். நல்ல செய்தி முதலில், ஸ்டேஷனுக்குப் போகும் நம் வழி திரும்பக் கிடைத்துவிட்டது யாமினி! இன்னொரு செய்தியும் இருக்கிறது, அதற்கு வருகிறேன், பக்கத்தைத் தாண்டிப் பார்க்காதே.

மூடிப்போன பஞ்சாலையை வாங்கினவர் ஆடியில் கம்பிவேலி போட்டதிலிருந்து, யூனிட் ரயிலைப் பிடிக்கத் தெருவே ஏரிக்கரையைச் சுற்றி ஓடியது. எதிர்வீட்டுத் தாட்சாயணி ஏழு மாத வயிற்றோடு ரேணிகுண்டா கம்பெனி வேலைக்குச் சேற்றில் வழுக்கிக்கொண்டு போவாள், பார்க்கும்போதே எனக்குப் பகீரென்றிருக்கும். இரண்டு தடவை வண்டியை விட்டுவிட்டாள், இன்னொரு தடவை விட்டால் வேலைக்கே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். நான் சும்மா இருப்பேனா? ஸ்டேஷனிலிருந்து ஆலைக்குப் பஞ்சு மூட்டை ஏற்றிய வேகன்கள் வருமே, அந்த லைன் ஓடிய இடம் ஆலையோடு விற்ற நிலம் இல்லையே என்று எம்.ஆர்.ஓ. ஆபீசில் தாசில்தார் முன்னால் போய் நின்றேன். சர்வேயர் ரமணா தங்கமான பிள்ளை, மேப்லோ உந்தம்மா, மேப்ல இருக்கு, ஆனா தரையில ஒண்ணும் காணோமே, எங்க போச்சுன்னு காட்டு, கல்லு நட்டுட்றேன் என்றான். தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய் இருபது வருஷத்துக்கு மேலாகிறது, முள் மண்டிக் கிடக்கிறது, ஆனால் கல்யாணத்துக்கு முன் அந்த ஆலையில் நாலு வருஷம் நூல் சுற்றியவள் நான், சிவப்புக் கொடியோடு முன்னால் ஒருவர் நடக்க வேகன் ஊர்ந்து வரும், அதன் பின்னாலேயே நாங்களும் வேலைக்குப் போவோம், எனக்குத் தெரியாதா!

வியாழக்கிழமை தெருவே கடப்பாரையோடு கிளம்பிவிட்டது. ஸ்டேஷன் பக்கம் முழங்கால் ஆழத்தில் பார்த்தால் கருங்கல் ஜல்லி! அடுத்த குழியிலும் ஜல்லி, மூன்றாவதிலும் ஜல்லி, பக்கத்து வீட்டுப் பிரமிளா குதித்த குதியில் செருப்பு அறுந்துபோனது. குழிகளை ஒட்டி ஆலை கேட்டுத் தூண்வரை கயிறு பிடித்தோம். கயிறு நேராக வந்து உன் அறைச் சுவரில் முட்டி நின்றது.

ஆமாம், உன் அறைதான். லைன் நம் மதிலுக்கு அந்தப் பக்கம் போனது என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அறை கட்டும்போது மேஸ்திரி முனிசாமி, கடப்பாரையே எறங்கலக்கா, பூமாதேவியே கடக்கால் போட்டு வெச்சிக்கிறா என்று சொன்னான், நானும் பூரித்துப்போய்த் தேங்காய் உடைத்து அவனுக்கு வேட்டி வேறு எடுத்துக் கொடுத்தேன். பூமாதேவி போட்டது இல்லையடி, ரயில்காரன் போட்ட ஜல்லி!

வேலிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார், வழி வேணும்னா மொதல்ல உன் ரூமை இடிம்மா என்றார். வேணாங்க்கா, நான் சுத்திக்கினே போறேன் என்று தாட்சாயணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நைனா என் முகத்தையே பார்த்தார். நானே காட்டிய கோட்டை என் வீட்டுக்கு மட்டும் எப்படி வளைப்பேன், நீயே சொல். கல்லை நடுப்பா என்று ரமணாவிடம் சொல்லிவிட்டேன். அங்கே ராப்பகல் உழைத்து நீ கட்டிய அறை, உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அது நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது, மன்னித்துவிடு. முனிசாமியே வந்து இடித்துக் கொடுத்தான், கூலி வாங்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். அறை தரைமட்டமானதும் வேலிக்காரருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது, நேற்று வேலியும் கழன்றது. உன் கட்டிலும் பீரோவும் முன்னறையில் பத்திரமாக இருக்கின்றன, கட்டிலில் நைனா படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்.

இன்று ஆறு பத்து வண்டிக்குத் தாட்சாயணி ஆறு மணிக்குத்தான் வீட்டைவிட்டு இறங்கினாள். நிதானமாக, தலையில் பூ வைத்துக்கொண்டு. வாசலில் நின்று பார்த்தேன், எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

வேளைக்குச் சாப்பிடு, வெறும் ரொட்டியைத் தின்று நாளை ஓட்டாதே, ஊறுகாயில் ஈரக் கரண்டி போடாதே. தையில் வரும்போது ஆட்டோ பிடிக்காதே, வண்டியிலிருந்து இறங்கி நேராக நட. உன் அறை இருந்த இடம் வந்ததும் நில். கோபமிருந்தால் அங்கேயே நின்று என்னைத் திட்டித் தீர்த்துவிட்டு உள்ளே வா, இடையில் இப்போது சுவர் இல்லை, ஒரு வார்த்தை விடாமல் எனக்குக் கேட்கும்.

நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா,
யசோதா சம்பத்