பெட்டிக்குள் பாத்திக் சட்டை

என்னவருக்கு,

ஆபீஸ் வேலையாகப் பாலிக்பாப்பானுக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். எனக்குத் துணையென்று வாங்கி வந்த விஷமில்லாத பாம்பை ஒரு வாரம் தொடக் கூடாது, நம் வாசனை பழகினால் கடிக்காது என்றீர்கள். வெள்ளிக்கிழமை ஆபீசுக்குப் போட்டுக் கழற்றிய பூப்போட்ட பாத்திக் சட்டையை அதன் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போனீர்கள்.

எட்டாம் நாள் கையை நீட்டினேன். கடித்துவிட்டது.

நேற்று உங்கள் ஆபீஸில் வேலை செய்யும் வூலான் பாம்பைப் பார்க்க வந்தாள். “கிட்டப் போகாதம்மா, கடிக்கும்” என்றேன். அது அவள் மணிக்கட்டில் வளையல் போலச் சுற்றிக்கொண்டது.

“பாருங்கக்கா, ரொம்ப நாள் பழகுன மாதிரி இருக்கு!” என்று சிரித்தாள்.

அவள் போன பிறகு சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். துவைக்கவில்லை, பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இப்போது பெட்டிக்குள் என் சட்டைதான் கிடக்கிறது. ஊர் வந்ததும் முதலில் பாம்பிடம் கையை நீட்டுங்கள்.

இப்போதைக்கு,
உங்கள் மனைவி