ஹெட்போனில் மட்டும் கேட்கிற குரல்

பிப்ரவரி 3, செவ்வாய்

இசையமைப்பாளர் கிஷோர் சார் பொய் சொல்லித்தான் பாட வைக்கிறார். கானா பாடுகிற ஜெகன் அண்ணனிடம் "படத்துல உன் வாய்ஸ்தான்" என்று சொல்லி, நாளைக்குப் பூந்தமல்லியிலிருந்து வரச் சொல்லியிருக்கிறார். அது வெறும் ட்ராக். பெரிய பாடகர் கேட்டுப் பாடிக்கொள்வதற்கான மாதிரி. பிறகு அழித்துவிடுவோம். அண்ணனிடம் சொல்லிவிட வேண்டும்.

பிப்ரவரி 4, புதன்

சொல்லவில்லை.

மண்ணூர்பேட்டையில் பிரஸ் மெஷின் ஓடும் பட்டறைக்கு மேல்மாடியில் ஸ்டுடியோ வைத்தால் ஸ்பீக்கரில் எதைக் கேட்பது? தரையே அதிர்கிறது. பட்டறைக்காரர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில்தான் பதிவு. மற்றதெல்லாம் மேசைமேல் இருக்கும் ஹெட்போன் ஆம்ப்பில்தான். பதிவு செய்கிற என் காதுக்கும், கண்ணாடி அறைக்குள் பாடுகிறவர் காதுக்கும் அதுதான் சத்தம் அனுப்பும். உள்ளே இருப்பவரிடம் பேச அதில் ஒரு பொத்தான்.

ஜெகன் அண்ணன் ஹெட்போனில் தன் குரலைக் கேட்டுச் சிரித்தார். "இன்னா தங்கச்சி, என் தொண்டையா இது? சாவு ஊட்ல மைக் செட்டுல பாடி எனக்கே தெர்லியே!"

பேசிவிட்டுப் பொத்தானை அணைக்க மறந்திருந்தேன். கிஷோர் சார் என் பக்கம் திரும்பி, "போதும், ட்ராக்குதானே. பெரியவரு வந்து பாடிடுவாரு" என்றார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது.

"அப்ப நான் பாட்னது இன்னா சார்?"

"சும்மா கலாய்ச்சேன்பா!"

அண்ணன் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "நீ சொல்லு தங்கச்சி. என் வாய்ஸு வருமா?"

"வரும்ணே." அதை நம்பி மீதிச் சரணத்தையும் பாடிக் கொடுத்தார்.

ஏன் சொன்னேன்? வேலை போய்விடும் என்றா? ச்சீ.

பிப்ரவரி 5, வியாழன்

"ஊட்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்று அண்ணனிடமிருந்து மெசேஜ். ஒரு கும்பிடு போட்டு அனுப்பினேன். கும்பிடு!

பிப்ரவரி 19, வியாழன்

பெரிய பாடகர் பாடிவிட்டுப் போனார். சுருதி சுத்தம், உயிர் இல்லை. கிஷோர் சாருக்கே உறைத்துவிட்டது. "ஜெகன் வாய்ஸ அடியில கொஞ்சமா வை. வெளிய தெரியக் கூடாது."

வைத்தேன்.

மார்ச் 7, சனி

பாட்டு வெளியாகிவிட்டது. பாடியவர் என்று ஒரே பெயர். சாவு வீட்டுக்கு வேண்டிய குரல், பாட்டுக்கு உயிர் கொடுக்க வேண்டிய குரல் — பெயர் போடும் இடத்துக்கு மட்டும் ஆகாது.

ஜெகன் அண்ணன் நேரே ஸ்டுடியோவுக்கே வந்தார். "போன்ல கேட்டேன். நான் இல்லியே?"

ஹெட்போனைக் கொடுத்து, ஆம்ப்பில் சத்தத்தை ஏற்றினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"அடியில கெடக்குறது நான்தானே?"

தலையாட்டினேன்.

"வரும்னு சொன்ன. வந்துகீது பாரு." ஹெட்போனை மெதுவாகக் கழற்றி வைத்தார். "கிஷோரு பேச்ச எவன் நம்புனான்? நீ சொன்ன, பாட்னேன்."

படியிறங்கிப் போய்விட்டார்.

மார்ச் 11, புதன்

கிஷோர் சாருக்கு மூன்றாவது முறையாக அனுப்பினேன்: "ஜெகன் பெயரைப் போடுங்கள் சார். இல்லையென்றால் அவர் குரலை எடுத்துவிடுங்கள்."

இரண்டு நீல டிக்.