புள்ளி வந்தால் தொடர்நிலையா?

டவுன் பஸ் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தாண்டும்போது ஜன்னல் வழியாக முந்திரிப்பழ வாசம் அடித்தது. உங்கள் முந்திரிக் கொல்லைப் பக்கம்தான். அதே நேரம் கையில் போன் அதிர்ந்தது. என் பழைய வீடியோவுக்குக் கீழே, உன் கமெண்ட்டுக்கு அடுத்ததாக, பெரம்பலூர்ப் பெண் ஒருத்தி கேட்டிருந்தாள்: “அக்கா, மூணு வீட்டுல ஆளுங்கள எண்ணி சராசரி எடுத்தா 4.33 வருது. புள்ளி இருக்கு. அப்ப தொடர்நிலை மாறிதானே? நாளைக்கு டெஸ்ட்.”

எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. உன்மேல்தான் வந்தது. எதையும் சரியாகச் சொல்லித் தொலைப்பதே உனக்கு வேலை.

தமிழ் படித்த நானும் கணக்கே பிடிக்காத நீயும் போனைப் பார்த்தே புள்ளியியல் கற்றோம். நான்கு வீடியோ பார்த்ததும் எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. நானே ஒரு சேனல் தொடங்கி, முதல் வீடியோவிலேயே சட்டம் போட்டேன்: எண்ணில் புள்ளி வந்தால் இடைவெளியில்லாமல் ஓடும் தொடர்நிலை, வராவிட்டால் தாவித் தாவிப் போகும் தனிநிலை. எத்தனை பாராட்டு வந்தது தெரியுமா? தெரியும். அத்தனைக்கும் கீழே வந்து “தப்பு” என்று எழுதியவளே நீதானே.

மறுநாள் உங்கள் கொல்லையில் வியாபாரி வந்திருந்தார். ஒரு கிலோ கொட்டையை அள்ளி எண்ணுவார். எண்ணிக்கை குறைந்தால் கொட்டை பெரிது. மூன்று மூட்டையிலும் எண்ணியதில் 184, 187, 188. சராசரி 186.33.

“புள்ளி வந்துச்சு பாத்தியாடி, தொடர்நிலை” என்றேன்.

“மூணால வகுத்ததால வந்த புள்ளி அது. இன்னொரு கொட்டை கூடினா 186.67க்குத் தாவும். நடுவுல 186.5 வருமா? அங்க நிக்க எடம் இருக்கா?”

நான் விடவில்லை. ஒரு கொட்டையை உன் அம்மாவின் சமையல் தராசில் வைத்தேன். ஐந்து கிராம் காட்டியது. “இதுல புள்ளியே இல்ல. எடை தனிநிலையா அப்ப?”

“தராசுக்குக் கண்ணு அவ்ளோதான் தெரியும். அதுக்குக் கொட்ட என்னடி பண்ணும்?”

வியாபாரி சிரித்துவிட்டார். எனக்கு அவமானமாகப் போயிற்று. “போடி பெரிய மேதை” என்று பஸ் ஏறிவிட்டேன். அன்று மாலை நீ மறுபடி கமெண்ட் போட்டாய்: “இதப் பாத்துட்டு எவளாவது பரீச்சைல கோட்ட விடுவா. எடுத்துடு. எடுக்குற வரைக்கும் உங்கூடப் பேச மாட்டேன்.”

ஒரு போன் செய்திருக்கக் கூடாதா? ஊரே பார்க்கிற இடத்திலா எழுதுவாய்? நானும் வீம்புக்கு எடுக்கவில்லை. மூன்றாவது வாரம் உனக்குக் காய்ச்சல். நூற்று மூன்று என்றார் உன் அம்மா. தெர்மாமீட்டருக்கும் கண் அவ்வளவுதான். திருச்சிக்குக் கொண்டுபோன உன்னை நான் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தப்பென்று எனக்கு எப்போதோ புரிந்துவிட்டது. ஆனாலும் அந்த வீடியோவை நான் தொடாததற்குக் காரணம் உன் கமெண்ட். வீடியோ போனால் அதுவும் போய்விடும். நீ என்னிடம் கடைசியாகச் சொன்னதே அதுதான். அதை வைத்துக்கொள்ள, தப்பை ஊருக்கே சொல்லிக்கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். கடைசி வார்த்தையைக் கொண்டுபோய் இப்படி ஒரு இடத்திலா விட்டுப்போவாய், சனியனே.

பஸ்ஸிலிருந்து இறங்கி, முதலில் அந்தப் பெண்ணுக்கு எழுதினேன்: “தப்பா சொல்லிட்டேம்மா. அது தனிநிலைதான். மூணு வீட்டுல ஒரு ஆள் கூடினா 4.67 வரும். நடுவுல 4.5 வராது. புள்ளியப் பாக்காத, நடுவுல நிக்க எடம் இருக்கான்னு பாரு.”

“இது நல்லாருக்கே, நீங்களா கண்டுபிடிச்சீங்க?”

“இல்ல, ஒருத்திகூட சண்ட போட்டுத் தெரிஞ்சது.”

பிறகு வீடியோவை நீக்க அழுத்திப் பிடித்தேன். கமெண்ட்டுகளும் சேர்ந்து போகும், பரவாயில்லையா என்று போன் கேட்டது. பரவாயில்லை என்று அதனிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன்.

இப்போது எந்த எண்ணைப் பார்த்தாலும் உன் கேள்விதான் முதலில் வருகிறது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம், பஸ்ஸில் ஏறிய ஆட்கள், எதையும் நிம்மதியாகப் பார்க்க விடமாட்டேன் என்கிறாய்.

எடுத்துட்டேன்டி. இனிமே நீ பேசலாம்.