திங்கட்கிழமையும் ஓடுகிறது உன் வண்டி

என் அருமை அந்தோணி அண்ணனுக்கு,

மண்ணுக்குள் படுத்திருப்பவனுக்குத் தபால் போகாது என்று எனக்கும் தெரியும். அதனால்தான் இதை ஒளித்து வைக்காமல் ஊர் பார்க்க எழுதுகிறேன். கோயில் வாசலில் என்னைக் கண்டு தலையில் அடித்துக்கொண்டவர்களும் படிக்கட்டும். உன் வண்டி ஓடுகிறது அண்ணே. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும், போகவும் வரவும், தினமும் ஓடுகிறது. ஓட்டுகிறவள் நான்தான்.

சிரிக்காதே. "இந்தக் குதுர என் காலுக்குத்தான் கட்டுப்படும், வேற எவன் ஒதச்சாலும் திருப்பி ஒதைக்கும்" என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தாயே, பட்டாளத்து ஏலத்தில் நீ எடுத்த அதே மோட்டார் சைக்கிள்தான். திருப்பி உதைக்கத்தான் செய்தது. என் வலது கணுக்காலில் தழும்பு இருக்கிறது. அது உதைத்தது, நானும் உதைத்தேன். யார் ஜெயித்தது என்று இப்போது கேள்.

துறைமுகத்தில் மூட்டை சரிந்து உன்னைக் கொண்டுபோன அன்று, வண்டி வெளிவாசலில் உனக்காக நின்றுகொண்டிருந்தது. உன்னோடு பட்டறையில் ஃபிட்டராக இருந்த காதர் பாய்தான் அழுதுகொண்டே தள்ளிவந்து வீட்டில் விட்டார். முப்பதாம் நாள் பூசை முடிந்து காப்பி ஆறுவதற்குள் நம் சவரி மாமா ஆரம்பித்துவிட்டார். அம்மாவோடு கூடப் பிறந்தவர் என்பதால் இந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம் என்று அவருக்கு நினைப்பு.

"பட்டாளத்துல எத்தினி வெள்ளக்காரன சாவடிச்சதோ, இப்ப நம்ம புள்ளையையும் முழுங்கிட்ச்சி. யானைக்கவுனில பழைய இரும்புக்காரன் கீறான், இட்டாறேன்" என்றார். உள்ளே மூட்டை சரிந்ததற்கு வெளியே நின்ற வண்டி என்ன செய்யும் மாமா என்று கேட்டேன். "பொட்டச்சி வாயத் தொறக்காத" என்றார். அந்தப் பேச்சுதான் எனக்குப் பெட்ரோல்.

வீம்பு மட்டும் இல்லை. நீ மத்தியான ஷிப்டுக்குப் போகுமுன், காலையில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர் என்று குப்பம் குப்பமாகச் சுற்றுவாய். பிரசவ நர்ஸான நான் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்த்துவிட்டு வரும்வரை பீடி பிடித்துக்கொண்டு நிற்பாய். நீ போனபின் ஜட்காவுக்கும் பஸ்ஸுக்கும் தவம் கிடந்தேன். எண்ணூர் பக்கம் பஸ் வந்தால் வரும், வராவிட்டால் அதுவும் தெய்வச் செயல்தான். ஒருநாள் ஆஸ்பத்திரித் தலைமை நர்ஸ் கூப்பிட்டு விட்டார். "லூர்து, ஈஸ்டருக்குள்ள நேரத்துக்குப் போக வழி பண்ணிக்கோ. இல்லேன்னா உன்னை வார்டுக்குள்ள போட்டுடுவேன். அந்தக் குப்பங்களுக்குப் போக வேற யாரும் சம்மதிக்க மாட்டேங்கறா, அதோட குப்பத்துப் பிரசவ வேலையையே மூடிட வேண்டியதுதான்" என்றார். மூடிவிட்டால் அந்தப் பெண்கள் நிறைவயிற்றைத் தூக்கிக்கொண்டு எங்கே போவார்கள் அண்ணே?

காதர் பாயிடம் போய் நின்றேன். "தோஸ்து வண்டிம்மா, ஓட வெச்சிடலாம். ஆனா தெனம் ஓட்டணும்னா பேஜாரு. துரைங்க கணக்கா இது, தனக்கு மனசு வந்தாதான் வேல செய்யும்" என்றார். மனசு வர வைப்போம் பாய் என்றேன். உப்புக் காற்றில் டேங்குக்குள் துரு ஏறியிருந்தது. கடற்கரைக் கூழாங்கல்லைப் போட்டு, நானும் அவருமாய் மாற்றி மாற்றிக் குலுக்கிக் கழுவினோம். கார்புரேட்டரின் ஊசித் துளை அடைத்துக்கொண்டது. கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும் என்று ஜட்காக் குதிரையின் வாலிலிருந்து ஒரு முடி பிடுங்கி வந்தார். குதிரை அவரை உதைத்தது. அவர் வண்டியைத் திட்டினார்.

மிதிக்குமுன், என்ஜின் திருப்பி உதைக்காமல் இருக்க ஹாண்டில்பாரில் அந்தச் சின்ன நெம்புகோலைப் பின்னுக்குத் தள்ள வேண்டும், மறந்தால் கணுக்கால் போச்சு என்பதை மறந்து மறந்துதான் கற்றேன். உன் காக்கி நிஜாரை வெட்டித் தைத்து, நர்ஸ் புடவைக்குள்ளே போட்டுக்கொண்டேன். முதல்நாள் காசிமேட்டில் கூடைக்காரப் பெண்கள் வழிவிட்டு நின்று கத்தினார்கள். "அய்ய, நம்ம நர்ஸம்மா பட்டாளத்துக்குப் போவுது டோய்!" கூச்சமாகத்தான் இருந்தது. ஹாரனை அடித்துக்கொண்டே போய்விட்டேன்.

செவ்வாயிலிருந்து சனி வரை வண்டி தங்கம். ஞாயிறு நமக்குப் பூசை, அதற்கு ஓய்வு. திங்கட்கிழமை காலையில் மட்டும் செத்த பிணம். உதைத்து உதைத்து எனக்கு மூச்சு வாங்கும். காதர் பாய் வந்து எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து மாட்டினால் மத்தியானம் எழுந்திருக்கும். அடுத்த திங்கள் பழைய குருடி கதவைத் திறடிதான். "இது இன்னாமா, திங்கக்கெழமன்னா இதுக்கு லீவா?" என்று அவரே அலுத்துப்போனார். சவரி மாமாவுக்குக் கொண்டாட்டம். ஞாயிறு ராத்திரி உன் ஆவி வந்து வண்டியில் உட்கார்ந்துவிடுகிறதாம்.

அப்படி ஒரு திங்கட்கிழமை எர்ணாவூரில் ஒருத்திக்கு நான் போய்ச் சேர்வதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி மீன் அறுக்கிற கத்தியால் கொடியை அறுத்திருக்கிறாள். தாயும் பிள்ளையும் பிழைத்தது மாதா புண்ணியம். அந்தக் கத்தியையே பார்த்துக்கொண்டு நின்றேன். "இன்னொரு திங்கள் இப்படி ஆச்சுன்னா வார்டுதான்" என்று தலைமை நர்ஸ் சொல்லிவிட்டார். எனக்கும் பயமாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை சாயந்திரம் சீக்கிரம் வீடு திரும்பி, வண்டியைக் கொல்லையில் விட்டுவிட்டு முகம் கழுவி வந்தேன். அண்ணி வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். வெள்ளைப் புடவை கட்டிய நாளாய் வாசல்படி தாண்டாத உன் பெண்சாதி. பக்கத்தில் சுறா எண்ணெய்ச் சட்டி, கையில் கந்தல். மட்கார்டு, கம்பி, சக்கரம் என்று, உப்பு அரிக்காமல் இருக்கச் சனிதோறும் நீ தடவுகிற மாதிரியே தடவிக்கொண்டு வந்தாள். கடைசியில் என்ஜின் பக்கத்து மேக்னட்டோவின் சின்ன மூடியைத் திருகித் திறந்து, உள்ளே விரலால் ஒரு அப்பு அப்பினாள்.

"அண்ணி, இன்னா பண்றீங்க?"

"சனிக்கெழம ஆச்சேமா."

"அத்துக்குள்ளயுமா?"

"அத்துக்குள்ளதான் நெறைய தடவணும்னு ஒங்க அண்ணன் சொல்லும். படகுக்கு பலக தச்ச எடத்துல உசுரு, வண்டிக்கு இதுல உசுருன்னு. அது போனப்புறம் ஒரு சனிக்கெழமகூட நான் வுடல லூர்து."

அந்த மேக்னட்டோதான் வண்டிக்கு நெருப்புப் பொறி கொடுக்கிறது. எண்ணெய் பட்டால் பொறி ஏது? காதர் பாய் ஒவ்வொரு தடவையும் துடைத்தது என்ஜின் கசிவு என்று நினைத்து. மீன் எண்ணெய் வாடை வரவில்லையா என்று கேட்பாய். நம் தெருவில் எவன் மூக்கு அந்த வாடையைக் கவனிக்கும்?

அப்போதுதான் உன் திங்கட்கிழமைக் காலை ஜெபம் ஞாபகம் வந்தது. எங்களுக்கு முதுகைக் காட்டி வண்டிப் பக்கத்தில் முட்டி போடுவாய். ஏதோ முணுமுணுப்பாய். சிலுவை போட்டுக்கொண்டு எழுந்து ஒரே உதையில் கிளப்புவாய். அண்ணனுக்கு என்ன பக்தி என்று நான் கண் கலங்கியிருக்கிறேன். பாவி, பனியன் முனையால் உன் எண்ணெயையே நீ துடைத்துக்கொண்டிருந்தாயா? தெரிந்திருந்தால் தடவாமலே இருந்திருக்கலாமே. இல்லை, அப்பா படகுக்குத் தடவினார், நாமும் தடவாவிட்டால் எப்படி என்று இருந்துவிட்டாயா? உன்னிடம் கேட்க வேண்டியது இப்படி எவ்வளவோ கிடக்கிறது.

அண்ணியின் பக்கத்தில் நானும் குந்தினேன். "மத்ததெல்லாம் ஒங்க இஷ்டம் அண்ணி, இத்த மட்டும் வுட்ருங்க" என்று காரணத்தைச் சொன்னேன். கந்தலை மடியில் போட்டுக்கொண்டு, எண்ணெய் ஒட்டிய விரலைப் பார்த்தாள்.

"அப்போ இத்தினி நாளா வண்டிய நிறுத்திகினு இருந்தது நானா?"

"நீங்க இல்ல அண்ணி. ஒங்க புருசன், அந்தக் கடங்காரன்."

அண்ணி சிரித்துவிட்டாள் அண்ணே. நீ போனதிலிருந்து அன்றைக்குத்தான் சிரித்தாள். சிரித்துச் சிரித்து அழுதாள். நானும் அழுதேன்.

மேக்னட்டோவைப் பெட்ரோலால் துடைத்து, உப்பும் ஏறாமல் எண்ணெயும் இறங்காமல் பழைய சைக்கிள் டியூபை வெட்டி மூடிமேல் பட்டையாகப் போட்டேன். திங்கட்கிழமை காலையில் பார்த்தால், சவரி மாமா யானைக்கவுனி இரும்புக்காரனைக் கைவண்டியோடு கூட்டிவந்து தெருவில் நிற்கிறார். நாள் பார்த்துத்தான் வந்திருக்கிறார். திங்கட்கிழமை என்றால் கிளம்பாது என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

நான் முட்டி போடவில்லை. முணுமுணுக்கவில்லை. நெம்புகோலைத் தள்ளினேன், ஒரே உதை. தெருவே அதிர்ந்தது. "ஓடுற வண்டிக்கு என்னிய ஏன் நைனா இட்டாந்த?" என்று இரும்புக்காரன் மாமாவைத் திட்டிக்கொண்டே கைவண்டியைத் திருப்பினான்.

கிளம்பப் போன நேரம் அண்ணி வாசல்படியைத் தாண்டி வந்தாள். என் மருந்துப் பை அவள் கையில். "எண்ணூர் வரிக்கும் நானும் வரட்டுமா?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் மாமா பாய்ந்து வந்தார்.

"வருசம் திரும்பல, அதுக்குள்ள தாலி அறுத்தவ பட்பட்டில போனா ஊரு இன்னா சொல்லும்?"

அண்ணி பின்னால் ஏறி உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, என் தோளில் கை வைத்தாள்.

"ஊரு நடந்து வரட்டும் மாமா. நாங்க வண்டில போறோம்" என்றாள்.

ஈஸ்டர் முடிந்துவிட்டது அண்ணே. குப்பங்கள் என்னிடம்தான் இருக்கின்றன. டிராமை நிறுத்தப் போகிறார்களாம், ஊரெல்லாம் அதே பேச்சு. எதை நிறுத்தினாலும் இந்த வண்டி நிற்காது. நான் இருக்கும்வரை இரும்புக்கடைப் பக்கம் இது தலை வைத்துப் படுக்காது. அண்ணியை வாசலுக்குள் அடைக்க எவன் வந்தாலும் முதலில் என் ஹாரனுக்குப் பதில் சொல்லட்டும். சனிக்கிழமை எண்ணெய் தவறாமல் உண்டு. உன் பங்கை நிறுத்தவில்லை, உசுரில் மட்டும் படவிடமாட்டோம். இது சத்தியம்.

உன் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தவள், இன்று உன் பெண்சாதியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போகிறவள்,
உன் தங்கச்சி லூர்து