ஆறாவது ரப்பர் இறக்கை

மச்சான்,

இன்று காலை சைக்கிள் கடையில் டியூபுக்குப் பஞ்சர் ஒட்ட ரப்பரைச் சூட்டில் வைத்து அழுத்தினார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் மண்ணெண்ணெய் வாங்கப் போனவன் வாங்காமலே வீடு திரும்பிவிட்டேன். ஏழு வருடமாக எனக்குச் சூடுபட்ட ரப்பர் நெடி ஆகாது. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

கட்டுமாவடியில் மீன் ஏற்றி வரும் அந்த லாஞ்சுப் படகுக்கு நீங்கள் டிரைவர். அக்காவைக் கட்டியவர் என்பதால், தலை நரைத்து வலை இழுக்க முடியாமல் போன என்னையும் முதலாளியிடம் சொல்லி உங்களுக்குத் துணையாகச் சேர்த்துவிட்டீர்கள். பெரிய எஞ்சினைவிட, கீழ்த்தட்டில் இருந்த அந்தச் சின்ன ஜெனரேட்டர்தான் உங்களுக்குச் செல்லம். விளக்கு எரிவதும் அதில்தான், படகின் அடியில் ஊறும் தண்ணீரை இறைக்கும் மோட்டார் ஓடுவதும் அதில்தான். கடல் தண்ணீரை ஒரு பம்ப் இழுத்து அந்த ஜெனரேட்டரைக் குளிர வைக்கும். அதே தண்ணீர் ஓர் இரும்பு வளைவில் புகையோடு கலந்து, புகையையும் குளிர வைத்து, ரப்பர் குழாய் வழியாகப் பின்னால் கடலில் விழும். ஜெனரேட்டரைத் தட்டிவிட்ட உடனே நீங்கள் கேட்பது ஒன்றுதான்: "மாப்ள, அங்கிட்டுப் போயிப் பாரு. துப்புதா?"

குழாய் தண்ணீரைத் துப்பினால் சரி. அன்று துப்பவில்லை. பின்னால் வெறும் புகைதான் வந்தது. குழாயில் கை வைத்தேன், சுட்டது. உடனே நிறுத்தினீர்கள்.

முதலில் தண்ணீர் வரும் வால்வைப் பார்த்தோம், திறந்துதான் இருந்தது. வடிகட்டியைக் கழற்றினோம், சேறும் பாசியும் அடைத்திருந்தன. நம் கரையில் அது புதிதில்லை. கழுவி மாட்டினோம். அப்போதும் துப்பவில்லை. பம்பின் மூடியைத் திறந்தீர்கள். உள்ளே இருந்த ரப்பர் சக்கரத்தின் ஆறு இறக்கையில் இரண்டைக் காணோம்.

"புதுச் சக்கரம் இருக்கு, மாட்டிரலாம்" என்றேன்.

"மாட்டுறது பெருசில்ல. போன ரெண்டும் எங்கன போயிக் கெடக்குன்னு பாக்கணும். முன்னாடி போயி அடைச்சுச்சுன்னா எல்லாம் வெந்துரும்."

நீங்கள் ஸ்பானர் வாங்கக் கரைக்கு இறங்கினீர்கள். பம்பிலிருந்து போகும் குழாய்களைக் கழற்றித் தேடச் சொன்னீர்கள். முதல் குழாயிலேயே ஒன்று கிடைத்தது. இன்னொன்று இல்லை. மிச்சம் இருந்தது அந்த இரும்பு வளைவுதான். அதன் போல்ட் எல்லாம் துரு. கழற்ற அரை நாள் ஆகும். முதலாளி கரையில் நின்று கத்திக்கொண்டிருந்தார்: "தண்ணி வத்தப் போவுதுப்பா! சேத்துல ஒக்காந்துட்டா நாளைக்குத்தான் கெளம்பணும்!" குனிந்து குனிந்து எனக்கு முதுகு ஒடிந்தது. பசி வேறு.

மச்சான், நான் மடியிலிருந்த கத்தியை எடுத்து, கிடைத்த இறக்கையை இரண்டாக அறுத்தேன். நீங்கள் வந்ததும் கையை நீட்டிக் காட்டினேன்.

"ரெண்டும் கெடைச்சிருச்சு. வாங்க, மூடுங்க. பொண்ணு பாக்குற மாதிரி எத்தன தடவ பாப்பீங்க?"

சிரித்தீர்கள். ஏன் இத்தனை சின்னதாக இருக்கிறது என்று கேட்கவில்லை. "நீ பாத்தாச் சரி" என்று வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டீர்கள்.

போகும்போது துப்பியது. கொஞ்சமாகத்தான் துப்பியது. "என்ன மாப்ள, கெழவன் எச்சி துப்புற மாதிரி துப்புது?" என்று உங்களுக்குச் சந்தேகம். "புது ரப்பரு, பழகட்டும்" என்றேன் நான். மீன் ஏற்றித் திரும்பும்போது கீழ்த்தட்டு முழுக்கப் புகை. ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு நீங்கள்தான் இறங்கி நிறுத்தினீர்கள். வலது கை வெந்துபோனது. குழாய் வெந்து கிழிந்த இடத்தில் கடல் உள்ளே வந்தது. ஜெனரேட்டர் நின்றதால் இறைக்கும் மோட்டாரும் ஓடவில்லை. சாக்கைத் திணித்து, தகரத்தால் மொண்டு மொண்டு ஊற்றிக் கரை சேர்ந்தோம். மீன் முழுக்க டீசல் தண்ணீரில் ஊறிப்போயிருந்தது.

மறுநாள் முதலாளி முன்னால் வளைவைக் கழற்றினார்கள். ஒரு முழு இறக்கை கீழே விழுந்தது.

"எண்ணிப் பாக்காம மூடுவானா ஒரு டிரைவரு?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் சாக்கைப் பிழிந்துகொண்டிருந்தேன். பிழிந்த சாக்கையே மறுபடியும் பிழிந்தேன்.

"எங் கவனக்கொறதான் மொதலாளி" என்றீர்கள்.

அதற்குப் பிறகு நம் கரையில் ஒருவரும் உங்களை எஞ்சின் பக்கம் விடவில்லை. பொன்னமராவதிப் பக்கம் கிணற்று எஞ்சின் ஓட்டப் போனீர்கள். பஸ் ஏறும் முன்பு பையிலிருந்து அந்த இரண்டு துண்டையும் எடுத்து, கட்டுப் போட்ட கையில் வைத்து, ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துக் காட்டினீர்கள். பொருந்தியது. "கத்தி நல்ல கூருடா" என்றீர்கள். அவ்வளவுதான். அடித்திருக்கலாம். காறித் துப்பியிருக்கலாம். மச்சான், உங்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. என்னைக் காப்பாற்றச் சொல்லி யார் உங்களைக் கேட்டது? நான் அதே லாஞ்சில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். நீங்கள் அந்த மேட்டாங்காட்டில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தீர்கள்.

அக்கா இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். சோறு போடும்போதெல்லாம் கேட்கிறாள்: "அளந்து அளந்து வேல செய்ற மனுசன்டா. அன்னைக்கு மட்டும் எப்புடிடா கவனிக்காம விட்டாரு?" நான் "கொழம்பு ஊத்துக்கா" என்பேன்.

இந்த ஆவணியில் முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். எனக்கு எழுத வருகிறது மச்சான்! 'ழ' மட்டும் ஒரு வாரம் எடுத்தது. வந்த அன்று சின்னப் பிள்ளை மாதிரி சுவரெல்லாம் கரிக்கட்டியால் எழுதி அக்காவிடம் திட்டு வாங்கினேன். வாயால் சொல்ல முடியாததை எழுதி அக்காவிடம் கொடுத்துவிடலாம் என்றுதான் இதை ஆரம்பித்தேன். முடிக்கப் பதினோரு நாள் ஆயிற்று.

எழுதி முடித்த பிறகுதான் உறைக்கிறது. அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படித்துக் காட்ட வேண்டும்.

தனியாக உட்கார்ந்து இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். கத்தியை எடுத்தேன் என்பது வரை வருகிறது. அதற்கு மேல் நாக்கு எழும்பவில்லை. அக்கா அடுப்பங்கரையிலிருந்து, "என்னடா, எழுத்துத் தெரியலையா?" என்று கேட்கிறாள்.

தெரிகிறது என்று சொல்லிவிட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்திருக்கிறாள்.