வண்டியில் ஏற்றிய தாம்பூலத் தட்டு

தம்பி,

இன்று வண்டி வைக்கோலில் புதுப் பந்தின் தோல் வாசனை அடிக்கிறது. காலையில் மருமகன் ஏற்றிக்கொண்டு போன ஆட்கள் கொண்டுவந்த பந்து. கொழுப்புத் தடவி வெயிலில் காயவைத்தது போல. ஆட்கள் இறங்கிப் போய்விட்டார்கள், வாசனை போகவில்லை. வழியெல்லாம் அவர்கள் பேசிய பேச்சையும் மருமகன் வந்து சொன்னான். இந்தக் கோடையில் மலையடி மில்லுக்கு யார் போகிறார்கள், நம் பக்கம் யார் வருகிறார்கள் என்று. நீ போய்ச் சேர்ந்துவிட்டாய், அந்தப் பேச்சு மட்டும் சாகவில்லை.

எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். சில இடங்களில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள்.

சித்திரை பிறந்து பள்ளிக்கூடத்தை அடைத்துவிட்டால் பாளையங்கோட்டை மைதானத்தில் ஆட்டம் கிடையாது. ஆட்டம் இல்லாத மாதங்களில்தான் எங்களுக்கு வாய் ஓயாது. ஆறு வற்றிக் கிடக்கும் மணலில் சாயங்காலம் உட்கார்ந்தால், யார் எந்த டீமுக்குப் போவான் என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. நல்ல ஆட்டக்காரனுக்கு மில்லில் ஒரு வேலை கொடுப்பார்கள். அவன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு ரயிலேறிவிடுவான். அதற்குப் பிறகு அவன் எதிராளி. நீ எங்கள் கோலி, கோல் காக்கிறவன். உன் கைக்குள் வந்த பந்து வெளியே போனதை நாங்கள் அதிகம் பார்த்ததில்லை. அதனால் உன் மேல்தான் எங்கள் பயமெல்லாம்.

அந்த வருஷம் எண்ணெய்க்கடை அண்ணாச்சிதான் முதலில் ஆரம்பித்தார்.

"கோலிக்கு மில்லுல மேஸ்திரி வேலையாம்லா. வீடும் குடுக்கானாம்."

"யாரு வே சொன்னா?"

"சொல்லணுமாக்கும்? புதுச் செருப்பு வாங்கியிருக்கான், பாத்தேரா இல்லியா?"

"செருப்பு வாங்குனா மில்லுக்கா போவான்?"

"பின்ன, வெறுங்காலோட பந்து பிடிக்கவனுக்கு இங்கன எதுக்கு வே செருப்பு?"

சிரித்தோம். ஆனாலும் அன்றைக்கு வீட்டுக்குப் போய் எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் செருப்புக்காக நான் பட்டினி கிடந்தேன் என்றால் நீ நம்பமாட்டாய்.

அடுத்த வாரம் ஸ்டேஷனில் மூன்று ஆண்கள் என் வண்டியில் ஏறினார்கள். அதில் ஒருவர் பெரியவர். மடியில் துணி போட்டு மூடிய ஒரு தட்டு.

"மலையடி மில்லுல இருந்து வாரோம். பந்து பிடிக்கிற தம்பி வீட்டுக்குப் போகணும்" என்றார்.

பாலம் தாண்டும்போது காற்றில் துணி விலகியது. வெற்றிலை, பழம், ஒரு புதுச் சேலை. சேலையைப் பார்த்தேன். பார்த்தும், உன் அம்மாவைச் சரிக்கட்டக் கொண்டுவருகிறார்கள் என்று நினைத்தேனே ஒழிய வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. உன் வீட்டில் கல்யாண வயதில் ஒரு தங்கச்சி இருப்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அவள் கையால் எத்தனை தரம் தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறேன். அன்றைக்கு என் தலைக்குள் பந்து மட்டும்தான் இருந்தது.

அவர்களை இறக்கிவிட்டு நேரே எண்ணெய்க்கடைக்கு வண்டியை விட்டேன். கொஞ்ச நேரத்தில் உன் வாசல் கொள்ளாத கூட்டம். நான்தான் முன்னால் நின்றேன்.

"வாங்காதே லே. தட்டைத் திருப்பிக் குடு" என்று ஒருவன் கத்த, எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். தட்டு பாயின் மேல் இருந்தது. நீ அதை இன்னும் தொடவில்லை. நான் உள்ளே போனேன். நீ "அண்ணாச்சி, பொறுங்க" என்றாய். அது காதில் விழுந்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து வண்டியில் வைத்தேன். நம் டீம் கோல் போட்டது போலக் கை தட்டினார்கள்.

பெரியவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"பையனைப் பிடிக்கலன்னா வாயால சொல்லியிருக்கலாம் தம்பி. ஊரைக் கூட்டித் தட்டைத் தூக்கி வெளிய வைக்கணுமா?"

நீ என்னைப் பார்த்துத்தான் சொன்னாய். "இது தங்கச்சிக்கு வந்த தட்டு அண்ணாச்சி. இவிய மகன் அங்க மில்லுல மிஷின் பிட்டரா இருக்கான்."

கூட்டம் அடங்கிப்போனது. உன் அம்மா பானகச் செம்போடு நடையில் நின்றிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு சேலைத் தலைப்பு தெரிந்தது. அந்த அமைதியில்தான் நான் சொன்னேன், "அப்பாடா, அப்போ நீ போகலை."

மகள் இங்கே நிறுத்திவிட்டாள். "எழுது" என்றேன்.

நீ வண்டிக்கு ஓடிப்போய்த் தட்டை எடுத்தாய். பெரியவர் உன் கையைப் பிடித்துக்கொண்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "வெளிய போன தாம்பூலத்தை மறுபடி உள்ள கொண்டு போறது எங்க வழக்கத்துல இல்ல" என்றார். எண்ணெய்க்கடை அண்ணாச்சி காலில் விழாத குறை. பிரயோசனமில்லை. திரும்பிப் போக அவர்களுக்கும் என் வண்டிதான். ஸ்டேஷன் வரை தட்டிலிருந்து ஒரு பாக்கு உருண்டு உருண்டு பலகையில் தட்டிக்கொண்டே வந்தது. மாட்டை ஓட்டிக்கொண்டு நான் என்ன நினைத்தேன் தெரியுமா தம்பி? அடுத்த ஆட்டத்துக்குக் கோலி இருக்கிறான் என்று நினைத்தேன்.

தட்டு திரும்பிய வீடு என்று பேராகிவிட்டது. நல்ல இடம் எதுவும் பிறகு வரவில்லை. கடைசியில் ராதாபுரத்தில் மனைவியை இழந்த ஒருவருக்கு அவளைக் கொடுத்தாய். செம்மணல் தேரிக் காடு, குடிக்கிற தண்ணீருக்கு நடக்கவேண்டும். ஆற்றங்கரையில் வளர்ந்த பெண்.

நீ என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. மழை முடிந்து ஆட்டம் தொடங்கியதும் பாளையங்கோட்டை மைதானத்துக்கு ஆடப் போனபோது என் வண்டியில்தான் ஏறினாய். வழியில் ஒரு தடவை மட்டும் கேட்டாய், "கோல்ல நான்தான் நிக்கேன் அண்ணாச்சி. திருப்திதானா?"

நான் தலையைக் குனிந்திருக்கலாம். "திருப்திதான் தம்பி" என்றேன். பொய் சொல்லவில்லை. அன்றைக்கு நீ பிடித்த ஒவ்வொரு பந்துக்கும் தொண்டை கட்டும்வரை கத்தினேன்.

பிறகு ஒரு காய்ச்சலில் நீ போய்ச் சேர்ந்தபோது உன் தங்கச்சி ராதாபுரத்திலிருந்து வந்தாள். திரும்ப அவளை ஏற்றிப் போனது நான்தான். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று பாலம் வரை வாயைத் திறந்து திறந்து மூடினேன். அவள் "வெயிலா இருக்கு, மாடு பைய போகட்டும் அண்ணாச்சி" என்றாள். நான் கயிற்றை இழுத்து மாட்டைப் பைய நடத்தினேன்.

வயதாகிவிட்டது. எல்லாம் மறந்தாலும் அந்தச் சாயங்காலம் மறக்கவில்லை. உன்னிடம் சொல்ல வந்தது ஒன்றுதான், அதை இனியும் மறைக்க முடியாது. அந்த வாசலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது, நீ எங்களை விட்டுப் போகவில்லை என்கிற நிம்மதி. அவள் சேலைத் தலைப்பு அதற்குப் பிறகுதான் வருகிறது. ஒரு நாளாவது அவள் முதலில் வரட்டும் என்று பார்க்கிறேன். இன்றுவரை வரவில்லை.